ஏழு லிட்டர் பெட்டி

போன மாதம் ஈப்போவில் என் வீட்டு வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து ஒரு கணினியைக் கோத்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் கொள்ளளவு 7 லிட்டர். தோட்டத்தில் அம்மா சுமந்த பால் வாளியில் இதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும்.

மதர்போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். மினி-ஐடிஎக்ஸ் என்ற இந்த அளவைத் தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் தன் சொந்த ப்ராசசர்களை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள். என்னைப் போன்றவர்கள் அதில் 65 வாட் ப்ராசசரை மாட்டிவிட்டு அல்லாடுகிறோம். இதில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கும். நான் முதலில் வாங்கிய கூலர் 3 மில்லிமீட்டர் உயரம் அதிகம். பக்கத் தகடு மூடவில்லை. 37 மில்லிமீட்டர் கூலருக்கு மாறினேன். தகடு மூடியது, சூடு 90 டிகிரியைத் தாண்டியது. ஈப்போவின் மதிய வெயிலில் உள்ளே போகும் காற்றே 33 டிகிரி. விசிறி பாவம் என்ன செய்யும்?

ப்ராசசரின் உலோக மூடியில் பொடி எழுத்தில் மலேசியா என்றிருந்தது. அதன் மேல்தான் பசையைப் பூசியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தார்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். இந்தக் கதை நமக்குத் தெரியும். பல முறை எழுதியும் இருக்கிறோம். ஆனால் லயத்தைவிட்டு வெளியேறிய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற இடத்தில் நம் பேனா சோர்ந்துவிடுகிறது.

அவர்களில் பலர் பேக்டரி பஸ் ஏறினார்கள். 1972இல் இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தது. அதே ஆண்டு ஈப்போவில் கார்செம் தொடங்கியது. 1985இல் உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் மூடியபோது, இந்த ஊருக்கு மிஞ்சிய பிழைப்புகளில் சில்லுக்கு உறைபோடும் வேலையும் ஒன்று. பின்னர் யுனிசெம்மும் வந்தது.

அக்கா 1986இல் ஒரு ஆலையில் சேர்ந்தார். சில்லையும் அதன் உலோகக் கால்களையும் இணைப்பது தங்கக் கம்பி. தடிமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இயந்திரம் தைத்த கம்பி அறுந்திருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் கண்ணைத் திறக்கமாட்டார். மரப்பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவிய அம்மா, "உக்காந்து பாக்குற வேலைதானே, அதுக்கென்ன?" என்பார். அக்கா பதில் சொன்னதில்லை. என் படிப்புச் செலவு அந்தச் சம்பளத்தில் ஓடியது என்பதை நானும் வெகுநாள் கழித்துத்தான் கணக்குப் பார்த்தேன்.

பலகையைக் கையில் வாங்கிக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்கு காலே இல்லியேடா. எங்க காலத்துல ரெண்டு பக்கமும் பூரான் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்."

ப்ராசசரைச் சுற்றியிருந்த மின்சாரச் சீராக்கிகளைத்தான் சொன்னார். ஐந்தாறு மில்லிமீட்டர் கறுப்புச் சதுரங்கள். இடத்தை மிச்சப்படுத்தக் கால்களை எடுத்துவிட்டு, அடியில் உலோகப் பட்டையைப் பலகையோடு பற்றவைக்கிறார்கள். சூடு அந்தப் பட்டை வழியே பலகைக்கு இறங்குகிறது. பலகையிலிருந்து பெட்டிக்கு. 7 லிட்டர் பெட்டியிலிருந்து எங்கே போகும் என்பது வாங்கியவன் பாடு.

இதைச் சொன்னேன். அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இப்போது அவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது, அந்தச் சதுரத்தின் மூலையிலிருந்த புள்ளியை மட்டும் நகத்தால் தொட்டு, "இதுதான் ஒண்ணாம் நம்பர் பின்னு. தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

கணினியை ஓடவிட்டு மேலே கைவைத்துப் பார்த்தார்.

"கொதிக்குதுடா தம்பி. தொறந்தே வெச்சுக்க."

பக்கத் தகடு இன்னமும் அலமாரி மேல்தான் கிடக்கிறது.