முடிதிருத்தும் நிலையங்களில் தீண்டாமை: சட்டம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

முடி வெட்டிக்கொள்வது எவருக்கும் மாதம் ஒருமுறை வரும் சாதாரண வேலை. பழகிய கடை, பழகிய கை; சவரக் கத்திக்கு முன் அச்சமின்றிக் கழுத்தைச் சாய்க்கும் நம்பிக்கை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தலித்துகளுக்கு இந்தச் சாதாரணம் இன்னும் வாய்க்கவில்லை. சொந்த ஊரில் கடை இருந்தும் பக்கத்து நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. பேருந்துக் கட்டணத்தோடு அரை நாள் கூலியும் போகிறது. முடியை வெட்டிக்கொண்டு வருமாறு பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்படும் மாணவன், உள்ளூர்க் கடையின் வாசலிலிருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறான்.

இது தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் இத்தகைய புகார்களில் பல, வழக்காக மாறுவதற்கு முன்பே பேச்சுவார்த்தையில் முடித்துவைக்கப்படுகின்றன. ஆகவே இது குறித்த சட்ட நிலையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மறுப்பின் வடிவங்கள்

11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடந்த கள ஆய்வின் அடிப்படையில் 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘அன்டச்சபிலிட்டி இன் ரூரல் இந்தியா’ என்னும் நூல், முடிதிருத்தும் சேவை மறுக்கப்படுவதைத் தீண்டாமை வடிவங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. மறுப்பு எப்போதும் “உனக்கு வெட்ட மாட்டேன்” என்று வெளிப்படையாக வருவதில்லை. “கடை மூடும் நேரம்”, “கத்தி சரியில்லை”, “நாளைக்கு வா” என்பவையே வழக்கமான விடைகள். சில இடங்களில் தனி நாற்காலி, தனிக் கத்தரிக்கோல், தனித் துண்டு. வேறு சில இடங்களில் மற்றவர்கள் வராத நேரம். முடி வெட்டுவார்கள், சவரம் செய்ய மாட்டார்கள் என்ற நிலையும் உண்டு.

‘கடை’ என்பதன் பொருள்

சாதி அடிப்படையில் கடைகளுக்குள் அனுமதி மறுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு கூறுகிறது. இது அரசை மட்டுமன்றித் தனிநபர்களையும் கட்டுப்படுத்தும். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்த உறுப்பு விவாதிக்கப்பட்டபோது, சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு கேள்வி எழுப்பினார். சலவைக் கடையும் சவரக் கடையும் ‘கடை’ என்ற சொல்லில் அடங்குமா என்பதே அது. சேவையை நாடி வருவோர் எவருக்கும் அதை அளிக்க முன்வரும் இடமெல்லாம் கடையே என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். உள்ளே நுழையும் அனுமதியோடு இச்சொல் நின்றுவிடாது. உரிய நிபந்தனைக்கு உடன்படுவோர் சேவையைக் கோரிப் பெறும் உரிமையையும் அது குறிக்கும் என்றார்.

இந்தப் பொருளைச் சட்டமும் ஏற்றது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2ஆம் பிரிவில் ‘கடை’க்குத் தரும் வரையறையில், சலவையகத்தையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

இரண்டு சட்டங்கள்

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் கடைக்குள் வரவிடாமல் தடுப்பதைத் தண்டிக்கிறது. 6ஆம் பிரிவு சேவை மறுப்பைத் தண்டிக்கிறது. மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் சேவை தரப்படுகிறதோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் தர வேண்டும் என்பதே 6ஆம் பிரிவின் சாரம். எனவே தனி நாற்காலியும் தனி நேரமும் குற்றமே. கடையைப் பூட்டிவிட்டு ஆதிக்கச் சாதியினரின் வீடுகளுக்குச் சென்று முடி வெட்டுவோரையும் இப்பிரிவின்கீழ்க் கேள்வி கேட்க முடியும். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் ஆகும். 6ஆம் பிரிவில் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்ய 8ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. “கத்தி சரியில்லை” என்றவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, பட்டியல் சாதியினர் கடைக்குள் நுழைவதைத் தடுப்பது 3(1)(இசட்.ஏ) பிரிவின்கீழ்க் குற்றமாகும். வழக்கமான சேவைகளைப் பெறவிடாமல் செய்யும் சமூகப் புறக்கணிப்பு 3(1)(இசட்.சி) பிரிவில் அடங்கும். வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் 3(1)(இ) பிரிவு தண்டிக்கிறது. இவற்றுக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் ஆகும். குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேராதவராக இருந்தால்தான் இச்சட்டம் பொருந்தும். 1955ஆம் ஆண்டின் சட்டத்துக்கு அந்த வரம்பு கிடையாது.

முடிதிருத்துவோரும் ஊர்க் கட்டுப்பாடும்

கத்தரிக்கோலைப் பிடித்திருப்பவரின் நிலையையும் நாம் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊழியம் செய்து, அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி பெற்றுவந்த முடிதிருத்தும் சமூகம், தானும் இழிவுக்கு ஆளாக்கப்பட்ட சமூகம். பெரிய வீட்டுத் திண்ணையிலிருந்து கண்ணாடி பதித்த சலூனுக்குத் தொழில் மாறியது. பணம் கொடுப்பவர் எவரும் உட்காரலாம் என்ற வாய்ப்பு பிறந்தது. அதை அடைத்தது ஊர்க் கட்டுப்பாடு. “அவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வர மாட்டோம்” என்ற மிரட்டலுக்கு முன் தனியொரு கடைக்காரரால் நிற்க முடிவதில்லை. 2020 நவம்பரில், கர்நாடகத்தின் நஞ்சன்கூடு வட்டத்தில் தலித்துகளுக்கு முடி வெட்டிய ஒருவருக்கு ஊரார் அபராதம் விதித்துப் புறக்கணித்த செய்தி வெளிவந்தது.

மறுத்தவரின் குற்றம் இதனால் இல்லாமல் போவதில்லை. ஆனால் அவரை மட்டும் கைது செய்து, கட்டுப்பாடு விதித்தவர்களை விட்டுவிடும் விசாரணை பாதி விசாரணைதான். தீண்டாமையைக் கடைப்பிடிக்கத் தூண்டுவது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் தனிக் குற்றம். உடந்தையாக இருப்பதை 10ஆம் பிரிவு தண்டிக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தவரை அவருடைய சொந்தச் சமூகத்தார் விலக்கிவைப்பதும் 7ஆம் பிரிவில் குற்றம். கட்டுப்பாடு எந்தக் கூட்டத்தில், யாரால் விதிக்கப்பட்டது என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். மறுத்த கடைக்காரர் அதைச் சொல்ல முன்வந்தால், அவருக்கும் பாதுகாப்புக் கோர வேண்டும்.

புகார் அளிக்கும்போது

நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், அப்போது கடையில் இருந்தவர்கள், நமக்குப் பின் வந்து முடி வெட்டிக்கொண்டவர்கள் ஆகிய விவரங்களை அன்றே எழுதிவைக்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்திருந்தால் மூலப் பதிவை அழிக்கக் கூடாது. பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழோடுதான் மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் சான்றாகும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. புகாரைப் படித்துக் காட்டி, பதிவு செய்து, நகல் தருவது காவல்துறையின் கடமை; வேண்டுமென்றே அதைத் தவறும் அலுவலரை 4ஆம் பிரிவு தண்டிக்கிறது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட வேண்டும். பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் நம் தரப்பைச் சொல்லும் உரிமையை 15-ஏ பிரிவு தருகிறது. நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால், மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

சமரசத்துக்குப் பின் நடப்பது

இக்குற்றங்கள் காவல் நிலையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ பேசி முடித்துக்கொள்ளத்தக்கவை அல்ல. பேசி முடிக்கப்படும் இடங்களில் சில நாட்கள் கடை மூடிக் கிடக்கும். பிறகு பழைய வழக்கத்தோடு திறக்கும். புகார் கொடுத்த இளைஞர் மீண்டும் பேருந்து ஏறுவார். ‘அமைதி நிலவுகிறது’ என்று அறிக்கை எழுதப்படும்.

தீண்டாமை நிலவும் பகுதிகளை அடையாளம் காண்பதும், உரிமைகள் உண்மையில் கிடைக்கின்றனவா என்று அவ்வப்போது ஆய்வு செய்வதும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஏ பிரிவு அரசுக்கு விதித்த கடமைகள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தில், மாவட்டத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் உள்ள முடிதிருத்தும் நிலையங்களில் அனைவருக்கும் ஒரே நாற்காலியில் முடி வெட்டப்படுகிறதா என்று கேட்டுப் பட்டியலிடச் சொல்லுவோம். அந்தப் பட்டியலை எழுத்துவடிவில் கோருவது நம் உரிமை.