முறுகி நிமிரும் கம்பி

1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஏறத்தாழ 39 டன். அவ்வளவையும் தாங்கியவை அதன் அடிவயிற்றில் குறுக்கே கிடந்த எஃகுக் கம்பிகள். கம்பியின் ஒரு முனை உடற்கூட்டில் இறுகப் பூட்டியிருக்கும். மறுமுனையில் ஒரு கை, அதன் நுனியில் சக்கரம். சக்கரம் மேட்டில் ஏறினால் கம்பி முறுகும், இறங்கினால் நிமிரும். இதுதான் டார்ஷன் பார்.

இதற்கு 1931-இல் காப்புரிமை கோரியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1934-க்குள் சித்ரோயனின் குடும்பக் கார், ஆட்டோ யூனியன் பந்தயக் கார், சுவீடனின் எல்-60 டாங்கி மூன்றிலும் அது ஏறிவிட்டது. போர்ஷே 911 காரில் 1989 வரை இருந்தது.

கூம்புகளை வைத்து அவற்றுக்கிடையே வண்டியை விரட்டும் ஆட்டோகிராஸ் போட்டிக்குப் பழைய 911-ஐத் தயார் செய்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். முன்புறம் 19 மில்லிமீட்டர் கம்பியைக் கழற்றி 21 போடுவார்கள். கூடியது இரண்டே மில்லிமீட்டர்; விறைப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறுவதால் வரும் விளைவு இது. கூம்புகளுக்கிடையே இடமும் வலமுமாக வண்டியை ஒடிக்கும்போது உடல் சாய்ந்து அடங்கும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். தடித்த கம்பி அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. ஆனால் முன்புறம் மட்டும் விறைத்தால் மூக்கு திரும்ப மறுக்கும். பின்புறம் மிஞ்சினால், எஞ்சின் பின்னாலிருக்கும் இந்தக் காரில் வால் சுழன்றுவிடும். கம்பி மாற்றிவிட்டு பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைப்பதும் வீண்வேலை; விறைத்த கம்பியின் துள்ளலை அதனால் அடக்க முடியாது.

உயரம் சரிசெய்யும் ஏற்பாட்டை நான் மிகவும் ரசிப்பேன். பின்கம்பியின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை, வெளியே எதிர்ப்பக்கம் ஒரு பல் நகர்த்தினால் 8.2 பாகை. மிஞ்சுவது ஒரு பாகைக்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமாக வண்டியை இறக்கலாம்.

பிறகு 911 சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. ஆவடியிலும் அர்ஜுன் டாங்கி வாயுவும் எண்ணெயும் சேர்ந்த சஸ்பென்ஷனுக்குப் போனது. அஜேயா, பீஷ்மா டாங்கிகள் கம்பியிலேயே நிற்கின்றன. மாறிய 911-இலும் முறுக்கம் ஒழிந்துவிடவில்லை: சுருள் ஸ்பிரிங்கும் அமுங்கும்போது அதன் கம்பி உள்ளுக்குள் முறுகத்தான் செய்கிறது. அம்பத்தூர், பூந்தமல்லித் தெருக்களில் ஓடும் ஸ்விஃப்ட், போலோ கார்களின் பின்னச்சும் முறுகி வேலைசெய்யும் உத்திரமே. அதோடு ஒரு தடித்த கம்பியைச் சேர்த்துப் பூட்டினால் பின்புறம் விறைக்கும், முன்சக்கரம் இழுக்கும் அந்தக் கார்களின் மூக்கு கூம்பை ஒட்டித் திரும்பும்.