கொல்லைப்புறத்தில் பிறந்த நகரம்

கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், நிலையப் பெயர்களை வாசித்துக்கொண்டே போகலாம். மாம்பலம், சைதாப்பேட்டை, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று காதுக்குப் பழகிய ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். பல்லாவரம் தாண்டியதும் வேறு மாதிரிப் பெயர்கள் இரண்டு வரும். ஒன்று குரோம்பேட்டை, அடுத்தது தாம்பரம் சானடோரியம். முதலாவது தோல் பதனிடும் ரசாயனத்திலிருந்து வந்த பெயர். இரண்டாவது காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. தினமும் லட்சம் வாய்கள் உச்சரித்து உச்சரித்து இரண்டும் தமிழ்ப் பெயர்கள் போலவே ஆகிவிட்டன. தாம்பரம் பிறந்த கதை இந்த இரண்டு பெயர்ப்பலகைகளிலேயே இருக்கிறது.

நாற்றமடிக்கும் வேலையையும் தொற்றும் நோயையும் யாரும் கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கொல்லைப்புறம்தான் அவற்றுக்கு இடம். சென்னப்பட்டணத்தின் கொல்லைப்புறம் தாம்பரம்.

தோலை முதலில் பார்த்துவிடுவோம். நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டையை ஊறவைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை அது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டால் சில நாட்களில் முடிந்துவிடும், தோலும் தண்ணீருக்கு அசையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை சென்னைக்கு வந்தபோது, சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துக்குத் தெற்கே 'குரோம் லெதர்' கம்பெனியை நடத்தினார். பக்கத்தில் ஒரு பேட்டை முளைத்தது. அதுதான் குரோம்பேட்டை. ரசாயன உப்பு பெயர் கொடுத்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா, தெரியவில்லை.

சானடோரியத்தின் கதை இன்னும் சுவையானது. டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தில் பேர்பெற்ற காசநோய் மருத்துவர். அங்கே சோமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தினார். நோயில் விழுந்த கணித மேதை ராமானுஜன் அங்கே தங்கி அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அன்று கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு மருந்தென்று இருந்தவை மூன்றே: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு. நெரிசலான ஜார்ஜ் டவுனில் மூன்றும் கிடைக்காது. தாயகம் திரும்பிய சௌரிமுத்து காற்றைத் தேடித் தாம்பரம் வந்தார். 1928இல் 250 ஏக்கரில் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்திய 1990களில், ஹெச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்த்ததும் இதே மருத்துவமனைதான். கொல்லைப்புறத்துக்கு ஒரு தர்மம் உண்டு. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வருவார்கள்.

ஆனால் காற்று மட்டும் இருந்தால் ஊர் பிறந்துவிடாது. போகவர வண்டி வேண்டும். தாம்பரம் வழியாக ரயில் 1870களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. தலையெழுத்தை மாற்றியது 1931 மே 11 அன்று ஓடத் தொடங்கிய மின்சார ரயில். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, ஏறக்குறைய 29 கிலோமீட்டர். மீட்டர்கேஜ் பாதையில் இந்தியாவில் ஓடிய முதல் மின்சார ரயில் அது. பெட்டிகளை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகையும் தாம்பரத்திலேயே அமைந்தது. மின்கம்பி தாம்பரத்தோடு நின்றதால் தாம்பரம் கடைசி ஸ்டேஷன் ஆயிற்று. ஒரு பக்கத்துக்குக் கடைசி என்றால் மறுபக்கத்துக்கு முதல். காலையில் பட்டணம் போகிறவனுக்கு இங்கே காலி வண்டி கிடைக்கும், உட்கார இடம் கிடைக்கும். சீசன் டிக்கெட்டும் ஜன்னலோர சீட்டும் சேர்ந்து இழுத்த இழுப்பில் எத்தனை குடும்பங்கள் இங்கே மனை வாங்கியிருக்கும் என்று கணக்கெடுத்தால் அதுவே ஒரு சரித்திரமாகும்.

ரயிலை நம்பித்தான் ஒரு கல்லூரி முழுசாகக் குடிபெயர்ந்தது. ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் 1837இல் நடத்தத் தொடங்கிய பள்ளி, ஜார்ஜ் டவுனில் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியாக வளர்ந்து, கடைவீதிச் சந்தடிக்கு நடுவே நூறு வருஷம் இருந்தது. அது மேலும் விரிய அங்கே இடமில்லை. நூற்றாண்டு ஆண்டான 1937இல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க் காட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி கட்டடங்களை வரைந்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் மனைவி ஆலிஸும் ஊர் ஊராக மரக்கன்று தேடி நட்டார்கள். புதர்க்காடாக இருந்த நிலம் இன்றைக்குத் தாம்பரத்தின் நுரையீரல். புள்ளிமான் திரியும் கல்லூரி வளாகம். கல்லூரி குடிவந்த அடுத்த ஆண்டு டிசம்பரில் உலகக் கிறிஸ்துவ மிஷனரி மாநாடு இங்கே கூடியது. இறையியல் நூல்களில் 'தாம்பரம் 1938' என்றால் இன்றும் அந்த மாநாட்டைத்தான் குறிக்கும். நம் ஊர்க்காரர்களுக்கே இது பெரும்பாலும் தெரியாது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் பட்டணத்துக்குள் கொள்ளாத விஷயங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்தளம் வந்தது. விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் விமானப்படைப் பள்ளி 1954இல் வந்தது. 1949இல் தொழிலதிபர் சி.ராஜம் தம் 'இந்தியா ஹவுஸ்' வீட்டை விற்ற பணத்தில் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அங்கேதான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். 1984இல் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. ஷிஃப்ட் முடிந்து சானடோரியம் மேம்பாலப் படியில் ஏறும் பெண்களின் கூட்டம் அதன் பிறகுதான். 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. நோய் தீர்க்கும் காற்றைத் தேடி ஒரு மருத்துவர் வந்த இடத்திலேயே மூலிகைக் கஷாயமும் வந்து சேர்ந்தது.

இத்தனை வேலை இருக்கும்போது வீடு வராமல் இருக்குமா? தண்டவாளம் ஊரை இரண்டாக அறுத்து, கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று இரண்டு ஊர் ஆக்கியது. மேற்கே சண்முகம் சாலையில் கடைகள் நெருங்கின. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று வீடுகள் ஓடின. ரிட்டயர்மெண்ட் பணத்தில் ஒரு கிரவுண்ட், சீட்டுப் பணத்தில் அரை கிரவுண்ட் என்று ஊர் நிரம்பியது. 1964இல் தாம்பரம் நகராட்சியானது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் இறங்கிய இடத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் பையும் பிள்ளையுமாக ஊர் பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரில் பாதிப்பேருக்குச் சொந்த ஊர் வேறெங்கோ இருக்கிறது என்பது புரிந்திருக்கும்.

புதிதாக மனை வாங்கி வந்தவர்களுக்கு ரோடு கிடையாது, தெருவிளக்கு கிடையாது, சாக்கடை கிடையாது. ஆகவே தெருவுக்கொரு குடியிருப்போர் நலச்சங்கம் பிறந்தது. ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் ஒருவர் செயலாளர், அவர் வீட்டுத் திண்ணை அலுவலகம், மனு எழுதுவது முழுநேர வேலை. ஜாதியும் ஜில்லாவும் வேறு வேறான மனிதர்களை இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்களாக ஆக்கியது எதுவென்று கேட்டால், தண்ணீர் லாரிக்குச் சேர்ந்து நின்ற வரிசை என்றுதான் நான் சொல்வேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். கொல்லைப்புறம் வேண்டாததைத் தள்ளும் இடம் மட்டுமா? கிணறு இருப்பதும் அங்கேதானே? பட்டணத்தின் இந்தக் கொல்லையும் அப்படித்தான். மாடம்பாக்கத்தில் யானையின் முதுகு போலக் கருவறை வளைந்த சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் நிற்கிறது. ஊரின் வயது அதில் தெரியும். அந்தக் கோயிலைச் சுற்றிலும் ஏரிப்பாசன ஊர்கள். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு என்று ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும். மேற்கே விழும் மழை அடையாற்றில் சேரும். திருநீர்மலைக்கு வந்த திருமங்கை ஆழ்வார், மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. பெயரிலேயே நீர் இருக்கிறது. வீடு கட்டியவர்கள் பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி படித்துக் காட்டியது. அன்று தொடங்கி மறுநாள் காலை 8.30 வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடி ஜன்னல் வழியாக ஆட்களைப் படகில் இறக்கினார்கள். ஏரிக்குள்ளும் ஏரிக்கு வரும் கால்வாய்க்குள்ளும் மனை போட்டது யார், அங்கீகாரம் கொடுத்தது யார் என்ற கேள்வியைத் தண்ணீர் கேட்டுவிட்டுப் போனது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆயுள் சேமிப்பைக் கொட்டியவர்கள் என்பதுதான் இதில் நெஞ்சை அறுப்பது.

வெள்ளத்துக்குப் பிறகு, ரோட்டுக்கு மனு எழுதிய கைகள் ஏரிக்கு எழுதத் தொடங்கின. சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் இறங்கிக் குப்பையும் சேறும் அள்ளினார்கள். பின்னால்தான் அரசு பணம் ஒதுக்கிச் சீரமைப்பில் இறங்கியது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். 2011 கணக்குப்படியே இந்தப் பத்து ஊர்களின் மக்கள்தொகை 7 லட்சத்தைத் தாண்டும். வாழைநாரில் சேலை நெய்யும் அனகாபுத்தூர்த் தறியும் சண்முகம் சாலைக் கடையும் ஒரே நகரமாயின. முதல் மேயராக 2022இல் பொறுப்பேற்ற வசந்தகுமாரி கமலக்கண்ணனுக்கு அப்போது வயது 25.

இப்போது தாம்பரம் கடைசி ஸ்டேஷன் இல்லை. மின்சார வண்டி செங்கல்பட்டு வரை போகிறது. தென் மாவட்டங்களுக்கு நெடுந்தூர ரயில்கள் தாம்பரத்திலிருந்தே புறப்படுகின்றன. 2023 டிசம்பரில் திறந்த பேருந்து முனையம் இன்னும் தெற்கே, கிளாம்பாக்கத்தில். தாம்பரத்துக்குள் கொள்ளாதவை இப்போது வண்டலூருக்கு அப்பால் இடம் தேடுகின்றன. ஆக, தாம்பரமும் ஒரு வீடாகிவிட்டது. அதற்கும் ஒரு கொல்லைப்புறம் வந்துவிட்டது. அங்கே மனை பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும்: மழைக்காலத்தில் தண்ணீர் இந்தப் பக்கம் எப்படி ஐயா போகும்?