வெள்ளியைப் படம்பிடித்த நீதிபதி

வைகறைத் தொழுகைக்காகப் பள்ளிவாசலை நோக்கி நடப்போரின் கண்ணில் முதலிற் படுவது கீழ்வானத்து வெள்ளியே. சில மாதங்கள் கழியுமாயின் அதே வெள்ளி மஃரிபு வேளையில் மேல்வானத்தில் நின்று ஒளிரும். விடிவெள்ளி என்றும் அந்தி வெள்ளி என்றும் நம் முன்னோர் இருபெயரிட்டு அழைத்தது ஒன்றனையே. அரபியர் இதனை ஸுஹ்ரா என்றனர். வெண்மையும் ஒளிர்வும் பொருளாகக் கொண்ட வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் இல்லங்களில் வழங்கும் ஜொஹரா என்னும் பெண்பெயரும் இச்சொல்லோடு உறவுடையதே.

இத்துணை நெருங்கிப் பழகிய இக்கோளின் முகத்தை மனிதன் படித்தறிந்தது மிகவும் பிந்திய காலத்தில்தான். அதைப் படித்தவரும் பெரிய வானாய்வுக் கூடத்தின் தலைவரல்லர். ஆப்பிரிக்க நாட்டில் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளித்துக் கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு நீதிபதி அவர். ஓய்வு வேளைகளில் சிறியதொரு தொலைநோக்கியைக் கொண்டு வெள்ளியைப் புகைப்படம் எடுத்தவர். அவருடைய வரலாற்றையே இங்கே எழுதப் புகுகின்றோம்.

பக்தாதிலும் மராகாவிலும் சமர்கந்திலும் இருந்த வானநூல் வல்லார் வெள்ளியை அறியாதவர்களல்லர். அது எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைக் கணித்து ஸீஜ் எனப்படும் அட்டவணைகளை வகுத்துவைத்தனர். ஆயினும் அவர்களுக்கு வெள்ளி ஒரு புள்ளி. வானில் நடக்கும் ஓர் ஒளிப்புள்ளி. வெறுங்கண் அதற்கு மேல் காட்டாது. கலிலியோ 1610ஆம் ஆண்டில் தொலைநோக்கியைத் திருப்பிய பின்னரே வெள்ளியும் நிலவைப் போலப் பிறையாகித் தேய்ந்து வளர்வது தெரியவந்தது. அத்துடன் நின்றது கதை. எத்துணைப் பெரிய கண்ணாடியை வைத்து நோக்கினும் வெள்ளியின் முகம் கழுவித் துடைத்த பீங்கான் தட்டுப் போலவே வெறுமையாக இருந்தது. மலையில்லை, கடலில்லை, மறுவில்லை. அடர்ந்த மேகம் முழுக்கோளையும் மூடியிருப்பதே இதற்குக் காரணம்.

மறு ஒன்று இருந்தால்தானே ஒரு கோள் எத்தனை நாளில் தன்னைத்தானே சுற்றுகின்றது என்று சொல்ல முடியும்? ஆயினும் சொல்லாமல் இருந்தார்களா? இல்லை. கசினி 1660களில் மங்கலான திட்டுகளைக் கண்டு, ஏறத்தாழ ஒரு நாளில் அது சுற்றுவதாகக் கொண்டார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1890இல், இத்தாலியின் பேரறிஞர் ஸ்கியாபரெல்லி 225 நாள் என்றார். ஒரு நாள் எங்கே, 225 நாள் எங்கே! அமெரிக்கச் செல்வர் லோவெல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1896இல் வெள்ளியின் மீது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற கோடுகளைக் கண்டதாக வரைந்து வெளியிட்டார். தம் கண்ணின் உட்புறத்து இரத்த நாளங்களின் நிழலையே அவர் வெள்ளியின் மேல் கண்டிருக்கக்கூடும் என்பது பிற்காலத்தார் சிலருடைய கருத்து. இவர்களுள் ஒருவரும் பொய்யுரைத்தவரல்லர். தாம் கண்டதையே வரைந்தனர். ஆனால் கண்ணுக்கும் காகிதத்துக்கும் இடையே மனம் என்ற ஒன்று நிற்கின்றது. அது காண விரும்பியதைக் கை வரைந்துவிடுகின்றது. மனம் இல்லாத ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அந்தச் சாட்சி புகைப்படத் தகடு.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். கேமரா என்ற சொல் அரபி மொழியின் கமர் என்பதிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதைக் கேட்டிருக்கின்றோம். அது சரியன்று. லத்தீன் மொழியில் அறை எனப் பொருள்படும் சொல்லே அது. இருட்டறை என்னும் தொடரின் பாதி. சொல்லை நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை, பொருளிலேயே நமக்குப் பங்குண்டு. பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சூரிய கிரகணத்தின்போது சிறு துளையின் வழியே இருட்டிடத்துக்குள் வரும் ஒளி சுவரில் பிறை வடிவாக விழுவது ஏன் என்று ஆராய்ந்து ஒரு தனி நூலே யாத்தார். ஒளி வந்து விழும் பிம்பத்தைச் சான்றாகக் கொண்டு வானத்தை விசாரித்தவர் அவர். சுவரில் விழுந்த அப்பிம்பம் அழியாமல் தங்குவதற்கு மட்டும் இன்னும் எட்டு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

அது தங்கியது 1839இல், பிரான்சில் டகேர் வெளியிட்ட முறையினால். மறு ஆண்டே, 1840இல், நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படமெடுத்தார். இவர் வேதியியல் பேராசிரியர். வானியல் இவருக்குத் தொழிலன்று. இங்கிலாந்தில் கழிவுநீர்ப் பொறியாளராக இருந்த ஆண்ட்ரூ காமன் என்பவரோ, லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியை நிறுவி, 1883இல் ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் அப்படத்தில் தெரிந்தன. வானியற் புகைப்படக்கலையின் தொடக்கத்திலேயே, பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டு வானத்தின் மீது காதல் கொண்டவர்களின் கை ஓங்கியிருந்தது என்பதற்காகவே இவற்றைக் குறிக்கின்றோம்.

தகட்டுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அதன்மீது பூசப்படும் வெள்ளி உப்பு, நீலத்துக்கும் ஊதாவுக்கும் அதனையும் கடந்த புறஊதாவுக்கும் எளிதில் வசப்படும். நம் கண்ணோ ஊதாவோடு நின்றுவிடும். 1927இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வுக் கூடத்தில் பிராங்க் ராஸ் என்பவர் புறஊதா ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை வைத்து வெள்ளியைப் படமெடுத்தபோது, வெறும் பீங்கான் தட்டாக இருந்த முகத்தில் கருந்திட்டுகள் தெளிவாகப் பதிந்தன. மேகத்தின் மேற்பகுதியில் புறஊதாவை விழுங்கும் ஏதோ ஒரு பொருள் பரவிக் கிடக்கின்றது. அது இன்னதென்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மறு கிடைத்துவிட்டது. ஆயினும் திட்டுகள் நாளுக்கு நாள் உருமாறித் தோன்றியமையால், சுழற்சிக் காலம் ராசுக்கு உறுதியாக அகப்படவில்லை.

முப்பது ஆண்டுகள் சென்றன. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த ஆப்பிரிக்கப் பகுதியில், காங்கோ ஆற்றங்கரையிலுள்ள பிரஸவில் நகரில், சார்லஸ் போயே என்பவர் நீதிமன்றப் பணியில் இருந்தார். சுமார் பத்து அங்குலக் கண்ணாடியுடைய தொலைநோக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பிரனீஸ் மலைமீது, 2,877 மீட்டர் உயரத்தில் அமைந்த பிக் டு மிடி வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த ஆன்றி கமிஷேல் அவருடைய நண்பர். வெள்ளியை ஊதா வடிகட்டியின் வழியே படமெடுத்துப் பாருங்கள் என்று நீதிபதியைத் தூண்டியவர் அந்த நண்பரே. பிரஸவில் நிலநடுக்கோட்டுக்கு நான்கு பாகையே தெற்கில் உள்ளது. அங்கே சூரியன் மறைந்தபின் வெள்ளி வானத்தில் உயர்ந்து நிற்கும். ஐரோப்பாவில் இருப்போர்க்கோ அது பெரும்பாலும் அடிவானத்தின் புழுதியிலும் நடுக்கத்திலும் சிக்கிக் கிடக்கும். எளிய கருவியுடையார்க்கு இது சிறிய பேறன்று.

1957இல் நீதிபதி பணியைத் தொடங்கினார். படச்சுருளில் கடுகளவே விழும் உருவம். அதைப் பெரிதாக்கி அச்சிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நோக்கவேண்டும். இவ்வேலையில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. இன்றைய படம் நேற்றையதைப் போல இராது. நாளையதும் இன்றையதைப் போல இராது. ராஸ் நின்ற இடம் இதுவே. ஆனால் நீதிபதி நாள்தோறும் ஒரே ஊரிலிருந்து விடாமல் எடுத்துச் சென்றமையால் வேறொன்று தென்பட்டது. இன்று கண்ட கருந்திட்டு நான்கு நாள் கழிந்து ஏறத்தாழ அதே இடத்தில் மீண்டும் வந்து நின்றது. மேலும் நான்கு நாள் கழிந்து மீண்டும். படுக்க வைத்த கவட்டை போன்ற அவ்வடிவம், வழக்கு நாள் தவறாமல் மன்றத்துக்கு வரும் மனிதனைப் போலத் திரும்பத் திரும்ப வந்தது.

விளக்கம் எளிது. மேகமண்டலம் நான்கு நாளில் ஒரு சுற்று வருமாயின், நாளொன்றுக்குக் கால் வட்டம் நகரும். இன்று நம்மை நோக்கி நிற்கும் முகம் நாளை ஓரத்துக்குச் சென்றுவிடும். நான்காம் நாள் மீளும். இடையிடையே ஒரு நாள், பத்து நாள் கழித்து ஒரு நாள் என்று படமெடுத்தவர்கள் தொடர்பற்ற முகங்களையே கண்டனர். பெரிய கூடங்களில் தொலைநோக்கியின் நேரத்தைப் பலரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். வெள்ளிக்கென்று அன்றாடம் ஒதுக்குவார் இல்லை. நீதிபதியின் தொலைநோக்கியோ அவருக்கே உரியது. பெருங்கண்ணாடியால் ஆகாதது அவருக்கு ஆயிற்று என்றால் அதற்குக் காரணம் இதுவே அன்றி மந்திரம் ஒன்றும் இல்லை.

கமிஷேல் பிக் டு மிடியின் தகடுகளை எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் அந்நான்கு நாள் ஒளிந்திருந்தது. 1960, 1961 ஆண்டுகளில் இருவரும் பிரெஞ்சு மொழியில் தம் முடிவை வெளியிட்டனர்: வெள்ளியின் மேகங்கள் நான்கு நாளில், மற்றப் பெருங்கோள்கள் பலவும் சுழலும் திசைக்கு மாறாகச் சுற்றுகின்றன.

உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்கர் ராடார் அலைகளை வெள்ளியின்மீது மோதச்செய்து, மேகத்தைத் துளைத்துத் தரையை அளந்தனர். தரை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 243 நாள் ஆகின்றது என்பதும், அதுவும் எதிர்த்திசையில்தான் என்பதும் அதனால் வெளிப்பட்டன. 243 நாளில் சுற்றும் தரைக்கு மேலே நான்கு நாளில் சுற்றும் காற்றா? வெள்ளியின் குறுக்களவு 12,104 கிலோமீட்டர். கணக்கிட்டுப் பார்ப்பின் அதன் நடுக்கோட்டு மேகங்கள் மணிக்கு நானூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓடவேண்டும்; தரையின் வேகத்தைப்போல் அறுபது மடங்கு. நம் பூமியின் காற்று அவ்வாறு செய்வதில்லை. போயேயின் கட்டுரையொன்று அனைத்துலக ஆய்விதழ் ஒன்றுக்குச் சென்றபோது, அதனை மதிப்பிட்ட பெயர்பெற்ற அறிஞர் ஒருவர், இது கொள்கையளவிலேயே நடவாத ஒன்று, அனுபவமற்ற ஆர்வலர்களின் வேலை எத்துணைத் திறமற்றது என்பதற்கு இதுவே சான்று என்ற கருத்துப்பட எழுதித் திருப்பிவிட்டார்.

ரமலான் பிறை கண்டதாக ஒருவன் காழியின் முன் வந்து நின்றால், அவன் படகோட்டியோ கூலியாளோ என்று பார்த்து விரட்டுவதில்லை. எங்கே கண்டாய், எந்தத் திசையில், கொம்பு எப்புறம் இருந்தது என்று கேட்கின்றனர். சொல்பவன் நேர்மையாளன்தானா என்று விசாரிக்கின்றனர். அதன் பின்னரே கொள்வதும் தள்ளுவதும். கணக்குக்கு மாறாகப் பிறை கண்டதாகச் சொல்பவனை ஐயுறுவதும் உண்டு; அதனைக் குறைகூற இயலாது. அவ்வறிஞரும் அறிவிலி அல்லர். அவருடைய கணக்கு அன்று அவருக்குத் தெரிந்த இயற்பியலின்படி சரியே. ஆனால் அவர் படங்களைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. படமெடுத்தவர் யார் என்பதையே பார்த்தார். தம் வாழ்நாளெல்லாம் சாட்சிகளை நிறுத்துப் பார்த்த ஒரு நீதிபதி தம் சாட்சியத்துக்கே இவ்வகை விசாரணையைப் பெற்றது விந்தையே.

அவர் மனம் சோர்ந்து கைவிடவில்லை. பாரிஸ் வானியலறிஞர் கெராங் என்பவரோடு சேர்ந்து மேலும் படங்களை ஆராய்ந்து, 1969இல் விரிவான கட்டுரையை இகாரஸ் என்னும் ஆய்விதழில் வெளியிட்டார். ஐயம் அப்போதும் முற்றிலும் தீரவில்லை.

தீர்ப்பு 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் வந்தது. அமெரிக்காவின் மாரினர் 10 விண்கலம் புதனை நோக்கிச் செல்லும் வழியில் வெள்ளியை ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் கடந்தது. அதன் கேமராக்கள் புறஊதாவில் நாள்தோறும் எடுத்தனுப்பிய படங்களில், அதே கருந்திட்டுகள் நான்கு நாளில் ஒருமுறை கோளைச் சுற்றி ஓடின. பிரஸவிலில் கடுகளவாகப் பதிந்த உருவம் அங்கே முழு அளவில் நின்றது. 1985இல் சோவியத் நாட்டின் வேகா கலங்கள் இரண்டும் வெள்ளியின் மேகத்துள் பலூன்களை மிதக்கவிட்டபோது, அவை மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி அடித்துச் செல்லப்பட்டன. மேக முகட்டுக்குக் கீழே, வேகம் சற்றே குறைந்த அடுக்கு அது. நடவாதது எவ்வாறு நடக்கின்றது என்னும் வினா மட்டும் நெடுநாள் நின்றது. 2015இல் வெள்ளியைச் சுற்றத் தொடங்கிய ஜப்பானின் அகாட்சுகி விண்கலத்தின் படங்களைக்கொண்டு, பகல் வெப்பத்தால் காற்றில் எழும் அலைகளே நடுக்கோட்டருகே இவ்வோட்டத்தைத் தளரவிடாமல் தள்ளுகின்றன என்று 2020இல் அறிஞர் விளக்கினர்.

கருவிகள் இன்று முற்றிலும் மாறிவிட்டன. படச்சுருளுக்குப் பதிலாக மின்னணுக் கேமரா வந்தது. கோளை ஒருமுறை படமெடுப்பதை விட்டு, சில நிமிடங்களில் பல்லாயிரம் படங்களை அசையும் படமாக எடுக்கின்றனர். காற்றின் நடுக்கம் ஒரு கணம் அடங்கியபோது பதிந்த தெளிவான சிலவற்றைக் கணிப்பொறி பொறுக்கியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவது போன்றதே. 2009ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் ஆந்தனி வெஸ்லி என்பவர் தம் வீட்டுப் புறத்தே பதினான்கரை அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்துக் கொண்டிருந்தபோது, தென் துருவத்தை ஒட்டி ஒரு கரும்புள்ளி கண்டார். ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதிய வடு அது. உடனே செய்தி பறந்தது. ஹவாயிலுள்ள பெரிய தொலைநோக்கியும் ஹப்பிள் விண்தொலைநோக்கியும் அவர் சொன்ன இடத்தை நோக்கித் திரும்பின. அவர் என்ன தொழில் செய்பவர் என்று எவரும் கேட்டு நிற்கவில்லை.

2006 முதல் 2014 வரை வெள்ளியைச் சுற்றிவந்த ஐரோப்பியரின் வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்துக்குத் தன் சுற்றுப்பாதையின் ஒரு பகுதியிலிருந்தே கோளை முழுமையாகக் காண இயன்றது. இடைப்பட்ட வேளைகளில் மேகங்கள் எவ்வாறிருந்தன என்பதை அறிய, வீட்டு முற்றத்தில் தொலைநோக்கி வைத்திருப்போர் புறஊதாப் படங்களை எடுத்தனுப்பும்படி ஐரோப்பிய விண்வெளி நிறுவனமே முன்வந்து வேண்டிக்கொண்டது. பல நாடுகளிலிருந்தும் படங்கள் வந்தன. அவற்றுள் பலவற்றை எடுத்த கருவிகள், பிரஸவில் நீதிபதியிடம் இருந்ததைவிட அளவில் பெரியனவும் அல்ல.