அறுத்தது யார், அறுபட்டது யார்?

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா ஒரு பிணத்தின்மேல் கத்தி வைத்தார். இந்தியாவில் நவீன மருத்துவம் பிறந்த கதையை இங்கிருந்துதான் தொடங்குவது வழக்கம். ஜனங்கள் திரண்டு வந்துவிடுவார்களோ என்று கல்லூரிக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்களாம். வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாம். முழங்கியதோ இல்லையோ, கதைக்கு அந்தச் சத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

குப்தா வைத்தியச் சாதிக்காரர். அதற்குமுன் சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் சொல்லிக்கொடுத்தவர். அதே காலத்தில் சுஸ்ருத சம்ஹிதையைப் பதிப்பித்து அச்சேற்றியவரும் அவர்தான். அந்த நூலில் பிணத்தை ஆராயும் முறை ஒன்று உண்டு. உறுப்புகள் முழுசாக இருக்கிற, விஷத்தால் சாகாத, நெடுநாள் நோயில் கிடக்காத உடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் போட்டுவிட வேண்டும். ஏழு நாள் கழித்து, நன்றாக அழுகியபின் எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் போன்றவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்க்க வேண்டும். தோல் முதல் உள்ளுறுப்புவரை அடுக்கடுக்காகத் தெரியவரும். கத்திக்கு இங்கே வேலையில்லை. அழுகிய உடலுக்கும் பார்க்கிறவன் கைக்கும் நடுவே எப்போதும் ஒரு தூரிகை. குப்தா தாண்டியது இந்தத் தூரத்தை. அது சாதாரணக் காரியமில்லை.

ஆனால் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எழுவாயையும் செயப்படுபொருளையும் தேடுகிற புத்தி போகாது. எழுவாய்க்குப் பெயர் இருக்கிறது. மேசைமேல் கிடந்தவருக்கு? கல்கத்தாவில் 1837இல் 60 பிணங்கள், மறுவருஷம் 120, 1844இல் ஐந்நூறுக்கும் மேல். இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள், போதவில்லை. 1832ஆம் வருஷச் சட்டம் அந்த இடத்துக்கு ஏழைகள் விடுதிகளில் கேட்பாரற்றுச் செத்தவர்களைக் கொண்டுவந்தது. கொலைக்குத் தண்டனையாக இருந்தது வறுமைக்கு விதியானது. காலனி நகரத்தில் இதற்கு இன்னும் வசதி. வந்து கேட்க ஆளில்லாமல் செத்த ஏழைகளுக்கா அங்கே பஞ்சம்?

அன்றைக்குத் தீட்டு உடைந்தது என்கிறார்கள். யாருடைய தீட்டுங்க அது? டோம்கள் காலம்காலமாகப் பிணத்தைத் தொட்டார்கள், சுமந்தார்கள், எரித்தார்கள். அவர்கள் தொட்டால் அது இழிதொழில். மேல்சாதிக்காரர் தொட்டதும் விஞ்ஞானம், பீரங்கி! பிணவறை வந்தபிறகும் இந்தப் பிரிவினை அப்படியேதான் இருக்கிறது. நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளிலும் மண்டையைத் திறப்பதும், பிறகு தைத்து, கழுவி, துணி சுற்றிக் கொடுப்பதும் பெரும்பாலும் கடைநிலை ஊழியர். சான்றிதழில் டாக்டர் கையெழுத்து.

2021இல் அதே கல்கத்தாவில், நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரிப் பிணவறையில் 6 வேலைகளுக்குச் சுமார் 8,000 பேர் மனுப் போட்டார்கள். காகிதத்தில் அந்த வேலைக்கு 'லேபரட்டரி அட்டெண்டன்ட்' என்று பெயர். பத்திரிகைகள் 'டோம்' என்றே எழுதின. எட்டாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு இஞ்சினீயர்களும் பட்டதாரிகளும் வருகிறார்களே என்று அங்கலாய்த்தன.