நித்தியகல்யாணி

ஒசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கிலோ மீட்டர் தூரந்தான். அதிகாலை பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும். வேலைக்குப் போகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள், இவர்களுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். 1973-ல் தோன்றிய கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி அந்த ஒசூர்ச் சாலையில்தான் இருக்கிறது.

ஒருநாள் என் முன் இருக்கையில் ஒரு குடும்பம். தாய், தகப்பன், பாட்டி. பாட்டியின் மடியில் தலைமுடி உதிர்ந்து, குல்லாய் அணிந்த 6 வயதுப் பையன். தகப்பனார் சிப்காட்டில் ஒரு பட்டறைத் தொழிலாளி. தயங்கிக்கொண்டே கேட்டேன்.

"ரத்தப் புற்றுநோய், சார். இன்னும் ஒண்ணரை வருஷம் மருந்து பாக்கி இருக்குது" என்றார்.

பள்ளிப் படிப்பு பாக்கி இருப்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் இந்த நோய் வந்த குழந்தைக்கு வாரக் கணக்கில்தான் ஆயுள். 'பாக்கி' என்ற சொல் எப்போது வந்தது? அந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

அது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரிடம் தொடங்குகிறது. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவின் சகோதரர் இருவரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் கொண்டு போயிற்று. அமெரிக்கா சென்ற சுப்பாராவ், லெடர்லே மருந்துக் கம்பெனியில் தம் குழுவினருடன் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தார். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் கூடுவதாகத் தோன்றியது. அப்படியானால் அதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் குழு அதையும் செய்து தந்தது. 'அமினோப்டெரின்' என்ற அந்த மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள் என்று 1948-ல் ஃபார்பர் அறிவித்தார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அதுவரை அசையாத கதவு அன்று அசைந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

அடுத்த மருந்து நம் வேலியோரத்தில் பூத்திருந்தது. நித்தியகல்யாணிதான் அது. சுடுகாடுகளில் மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அதன் இலை நீரிழிவுக்கு உதவுமா என்று கனடாவில் ஆராயப் போனவர்கள், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்தச் செடியிலிருந்து கிடைத்த 'வின்கிரிஸ்டின்' 1963-ல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

நம் பக்கத்துக் கதையும் ஒரு குடும்பத்துத் துக்கத்தில் பிறந்ததே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை அவர் மறக்கவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிற்று. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-ல் குழந்தைகளுக்கென்றே அங்கே ஒரு வார்டு ஏற்பட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தையுடன் யார் இருப்பது? மேல்நாடுகளில் அப்போது பெற்றோரை வெளியே நிறுத்திவிடுவார்கள்; குறித்த நேரத்தில் வந்து பார்த்துப் போக வேண்டும். 1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், தனியே விடப்பட்ட ஒரு சிறுமியின் தவிப்பைச் சினிமாப் படமாக எடுத்துக் காட்டிய பிறகுதான் பலர் உள்ளம் இளகியது. 1959-ல் பிளாட் குழு, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கும்படி சொன்னது. நம் நாட்டில் யாரும் அறிக்கை எழுத வேண்டியிருக்கவில்லை. தூக்குப் பாத்திரமும் பாயுமாகக் குடும்பமே ஆஸ்பத்திரி வாசலில் குடியேறிவிடும்.

இது வெறும் பாசத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 1980-களின் நடுவில் சென்னை, பம்பாய், டில்லி ஆஸ்பத்திரிகள், அமெரிக்காவில் பணிபுரிந்த டாக்டர் இயன் மக்ராத்துடன் கூடி ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கையாண்டன. அதுவரை ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்த நிலை மாறி, ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கலானார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். முதல் மாதத்திலேயே குழந்தை சிரித்து ஓடி விளையாடும். 'குணமாகிவிட்டது' என்று எண்ணி, அல்லது கைப்பணம் கரைந்து, பாதியில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. நோய் அதற்காகவே காத்திருக்கும். மருந்தைக் கண்டுபிடிப்பது டாக்டர்களின் வேலை. கடைசி நாள் வரை கொண்டு போய்ச் சேர்ப்பது குடும்பத்தின் வேலை.

ஆறு மாதம் கழித்து அதே பஸ்ஸில் அவர்களைக் கண்டேன். பையனுக்கு முடி வளர்ந்திருந்தது. இந்த முறை அவன் அக்காவும் உடன் வந்தாள், 11 வயதிருக்கும். வீட்டில் அவள்தான் தினமும் நாள்காட்டித் தாளைக் கிழித்து, தம்பி மாத்திரை சாப்பிட்டதும் அதன் பின்புறம் குறித்து வைப்பாளாம். காய்ச்சல் கண்டால் இரவென்றும் பாராமல் அப்பாவை எழுப்புகிறவளும் அவள்தான்.

"இவளைத்தான் சார், நாங்க யாருமே சரியா கவனிக்கல்லே. பாதி நாள் மாமா வீட்டுச் சோறு" என்றாள் தாய். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சை மாற்ற, பாட்டியிடம் நித்தியகல்யாணிக் கதையைச் சொன்னேன்.

"அட சாமி! நம்ம சுடுகாட்டு மல்லியா? ஆகாதுன்னு வாசல்லே மொளைச்சதை நானே பிடுங்கிப் போட்டேனே!" என்றாள் பாட்டி.

"நான் ஒண்ணு நட்டு வைக்கிறேன், ஆயா" என்றாள் அந்தப் பெண்.

டெய்ரி சர்க்கிளில் இறங்கினார்கள். தம்பியின் கையை அவளே பிடித்துக்கொண்டாள்.