விமானச் சீட்டிலிருந்து சோதனைச் சீட்டுக்கு

பிப்ரவரி பிறந்தால் அருமனைப் பக்கத்து ரப்பர் விளைகளின் நிறமே மாறிப்போகும். தை மாதம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்ற மரங்கள் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அந்தக் கொழுந்து பச்சைக்குத் திரும்பும் நாட்கள்தான் எங்களுக்குத் தேன் காலம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மூன்றும் காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள். அவற்றில் முத்துப்போல் கட்டி நிற்கிற இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் உறிஞ்சுகின்றன. காலை வேளையில் விளைக்குள் நின்றால் தலைக்கு மேலே மரம் முழுவதும் இரைந்துகொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு அண்ணன் அறுபது பெட்டி வைத்திருக்கிறார். ஒரு தேனெடுப்பு நாளில் நானும் கூட நின்றேன். சட்டத்தை மெல்லத் தூக்கி, ஒட்டியிருந்த தேனீக்களை உதறி, அடையை வெயிலுக்குக் காட்டினார். மேல்பாதி அறைகளைத் தேனீக்கள் வெள்ளை மெழுகால் மூடியிருந்தன. கீழ்ப்பாதி திறந்தே கிடந்தது. மெழுகைக் கத்தியால் சீவிவிட்டு, சட்டங்களை டிரம்முக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினார். அடை உடையாமல் தேன் மட்டும் சுவரில் தெறித்து வழிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி கொஞ்சம் தடித்த ஒரு குழலை எடுத்தார். அதன் நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேன் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் வைத்தார். எனக்கும் காட்டினார். உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோடு 23-ல் நின்றது.

"இது வெளிநாட்டுக்குப் போவாது மக்கா. வெள்ளம் கூடுதல். புளிச்சுப் போவும், கேட்டியா?"

தேனில் ஈரம் நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக உணவுத் தர விதி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் அதுதான். எங்கள் மண்ணின் காற்றே ஈரம் சுமந்தது. பெட்டியில் இருப்பதும் சின்ன உடம்புக்கார இந்தியத் தேனீ. ரப்பர் கொழுந்துக் காலத்தில் தேன் குபுகுபுவென்று வருவதால் அடை முழுக்க மூடும்வரை யாரும் பொறுப்பதில்லை. வாரம் ஒரு தடவை எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஆலையில் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் அங்கே வேறு வினை. தேனில் உள்ள சர்க்கரை சிதைந்து எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறிவிடும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு, வெப்ப நாட்டுத் தேனுக்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம். ஈரச் சோதனையில் தப்பிக்கப் போய் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

அந்த அண்ணன் அதற்கு முந்தைய மாதம் ஏற்றுமதி விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். வளைகுடாவில் உணவுக் கண்காட்சி, கடை வாடகையில் பங்கு, விமானக் கட்டணத்தில் பங்கு, எல்லாம் அரசே தரும் என்று அங்கே சொன்னார்களாம். திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டார்: "தேனே இன்னும் பாஸாவல்ல. நான் அங்க போயி எதை வைக்க?"

இந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. விற்கத் தயாராகாதவனுக்கு எதற்காக முதலில் விமானச் சீட்டு கொடுக்கிறார்கள்? இந்த உதவி யாருக்காகப் பிறந்ததோ அவர்களுடைய உருவத்திலேயே நெடுங்காலம் இருந்தது என்பது, அதன் கதையைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெளிநாட்டில் விற்பவனுக்கு அரசு தோள்கொடுப்பது முதல் உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கிய பழக்கம். 1919-ல் பிரிட்டன் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதத் துறையை ஏற்படுத்தியது. சரக்கு வாங்கிய வெளிநாட்டான் பணம் தராமல் போனால் நட்டத்தில் அரசு பங்கெடுக்கும் என்பது அதன் சாரம். நம் நாட்டுக்கு அந்த எண்ணம் வர 1957 ஆனது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்களை இறக்கி இறக்கி அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு ஜூலையில் ஏற்றுமதி இடர் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. இன்று இ.சி.ஜி.சி. என்று வங்கிகளில் சொல்கிறார்களே, அதுதான்.

காப்பீடு போதவில்லை. 1961-ல் மத்திய அரசு இறக்குமதி, ஏற்றுமதிக் கொள்கையை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் நம்மவர், சர் ஏ. ராமசாமி முதலியார். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் 1946-ல் முதன்முதலாகக் கூடியபோது தலைமை நாற்காலியில் இருந்தவர். ஏற்றுமதி செய்பவருக்கு ஊக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்ற பேச்சுக்கு 1962-ல் வந்த அவர் குழுவின் அறிக்கை வலுச் சேர்த்தது. மறு வருடம், 1963-ல், சந்தை வளர்ச்சி நிதி என்ற ஒன்று உருவானது. பின்னாளில் எம்.டி.ஏ. என்ற மூன்றெழுத்தில் சிறு ஏற்றுமதியாளர்களுக்குப் பழகிப்போன உதவியின் தாய் அதுதான்.

அன்றைய ஏற்றுமதி என்றால் தேயிலை, சணல், பருத்தித் துணி; கொஞ்சம் கொஞ்சமாகப் பொறியியல் சாமான்கள். சரக்கு தயார், ஆலை தயார். வெளிநாட்டுச் சந்தையில் முகம் காட்டத்தான் ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கண்காட்சிக் கடையும் பயணச் செலவும் சரியான உதவி. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டத்தின் உறுப்புகள் மட்டும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றுவிட்டன: சிக்கன வகுப்பு விமானக் கட்டணம், கடை வாடகை. உதவி பெற, உரிய ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகத்தில் பன்னிரண்டு மாதம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. முதலில் கைக்காசைச் செலவழித்துப் போய்வந்து, ரசீதைக் காட்டினால்தான் பணம் திரும்பி வந்தது. கைக்காசு உள்ளவருக்கு இது சலுகை. அறுபது பெட்டிக்காரருக்கு அந்தக் கைக்காசுதான் இல்லாத பொருள்.

இதே அறுபது, நூறு பெட்டிக்காரர்களை உருவாக்கிய வேலை எப்படி நடந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது எங்கள் ஊரின் சொந்தக் கதை. ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரான சேலத்துக்காரர் கே. டி. பால், கிராமங்களுக்குள் போகாமல் அந்த இயக்கத்துக்கு இங்கே வேலையில்லை என்று நினைத்தவர். அந்த வழியில் 1924-ல் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அன்றைய திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில் ஊர்ப்புற மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார். பொந்திலிருக்கும் கூட்டை அறுத்து, புழுவும் மெழுகும் சேர்த்துப் பிழிந்த காலம் மாறி, பெட்டித் தேனீ வளர்ப்பு பரவியது. பெட்டி ஏற்கெனவே இருந்தது. 1910-களில் நியூட்டன் என்ற பாதிரியார் திருச்சிப் பக்கத்தில் உள்ளூர்த் தேனீயின் உடம்புக்கு ஏற்ற அளவில் செய்தது. நியூட்டன் பெட்டி என்றே இன்றும் தச்சரிடம் சொல்லி வாங்குகிறோம்.

மார்த்தாண்டத்தில் நடந்தது இனாம் விநியோகம் இல்லை. ஊர்க்காரன் தானே செய்ய வேண்டும், விவரம் தெரிந்தவன் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும் என்பதுதான் ஹாட்ச் பிடித்த வழி. முட்டையைக்கூடத் தரம் பார்த்து, சேர்ந்து விற்கப் பழக்கினார்கள். சரக்கு முதலில், சந்தை அடுத்து. அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை வரை பெட்டிகள் பரவியது அந்த வரிசையில்தான். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, புழுக்கள் நீர் கோத்த பைபோல் அறைக்குள்ளேயே செத்துக் கிடந்தன. தென்னிந்தியாவின் கூடுகளில் பெரும்பகுதி அழிந்தது. எங்கள் அப்பா காலியான பெட்டிகளை விறகுப்புரையில் அடுக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோய்க்குத் தப்பிய கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் இந்தத் தொழில் மறுபடி எழுந்தது.

மறுபடி ஏற்றுமதிக் கதைக்கு வருவோம். 1986-ல் அபேடா வந்தது. வேளாண் பொருள் ஏற்றுமதிக்கென்றே ஓர் அமைப்பு. ஆனாலும் தேனுக்குப் பாடம் சொன்னது 2010 ஜூன். இந்தியத் தேனில் ஆன்டிபயாடிக் எச்சமும் கன உலோகமும் பற்றிய கவலையில் ஐரோப்பிய ஒன்றியம் நம் தேனைத் தடுத்தது. 2011 கடைசியில்தான் கதவு திறந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் எத்தனை கண்காட்சிக் கடை போட்டிருந்தாலும் ஐரோப்பாவில் ஒரு புட்டி விற்றிருக்காது. தடை விழுந்தது ஆய்வகத்தில், அது விலகியதும் ஆய்வக நடைமுறையைத் திருத்தித்தான். 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு என்.எம்.ஆர். சோதனையையும் நம் அரசே கட்டாயமாக்கியது. சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று மூலக்கூறு அளவில் பார்க்கிற சோதனை அது. 2023-24-ல் நாம் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் தேன் அனுப்பியிருக்கிறோம். பெரும்பகுதி வடக்கே கடுகு வயல்களில் இத்தாலியத் தேனீ சேர்த்தது, பெரிய நிறுவனங்கள் அனுப்பியது. அவர்களால் சோதனைச் செலவைத் தாங்க முடிகிறது.

உலக வணிக விதியும் வேறொரு பக்கமிருந்து இதே திசையில்தான் தள்ளியது. ஏற்றுமதி செய்தால் இவ்வளவு பணம் என்று கொடுப்பதை உலக வர்த்தக அமைப்பு ஏற்பதில்லை. அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019 அக்டோபர் 31 அன்று நம் திட்டங்கள் பலவற்றுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வேளாண் ஒப்பந்தம் வளரும் நாடுகளுக்குச் சரக்குக் கட்டணத்திலும் சந்தைச் செலவிலும் விட்டுவைத்திருந்த சலுகை 2023-ஓடு முடிந்தது. எல்லோருக்கும் பரவலாகக் கிடைக்கிற ஊக்கப் பணியையும் ஆலோசனையையும் மட்டும் அந்த ஒப்பந்தம் தொடவில்லை. அந்த விதிவிலக்கைப் படித்தபோது மார்த்தாண்டத்து மையம்தான் என் மனதில் வந்தது. பக்கத்தில் நின்று சொல்லித்தருவதை எந்த நாடும் எதிர்த்து வழக்குப் போட முடியாது.

இப்படிச் சுற்றி வந்து 2022-ல்தான் அந்த அண்ணனின் கேள்விக்கு ஒரு பதில் பிறந்தது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் தன் பன்னாட்டு ஒத்துழைப்புத் திட்டத்தில் முதன்முறை ஏற்றுமதியாளர்களுக்கென்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ஏற்றுமதிக் கழகத்தில் பதியும் கட்டணம், ஏற்றுமதிக் காப்பீட்டுப் பிரீமியம், சோதனை மற்றும் தரச்சான்றுக் கட்டணம் ஆகிய மூன்றிலும் அரசு பங்கு திரும்பக் கிடைக்கும். அதற்கு முன்பே 2020-ல் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டு, சோதனைக்கூடங்களுக்கும் அதில் இடம் கிடைத்திருந்தது. 2023-ல் மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடும் பெற்றது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் ஒரு கிளையில் தரமும் விதி இணக்கமும் முதலில் வருகின்றன. சந்தைப் பெயர், பொதி, கண்காட்சி எல்லாம் பின்னால். இந்த வரிசைக்காக நான் மனதாரச் சந்தோஷப்படுகிறேன். 1963-ல் விமானச் சீட்டில் தொடங்கிய உதவி சோதனைச் சீட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. இப்போதும் முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த அண்ணனோடு நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இருக்கையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ரசீதோட வாங்க அண்ணே, அப்புறம் பாக்கலாம்" என்றார். சோதனைக்குப் பல ஆயிரம் ஆகும், தோற்றால் அந்தக் காசு போச்சு என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க 500 ரூபாய் போதும், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வாசல் அவ்வளவு தாழ்வு. அடுத்த படியோ ஆளுயரம். ஆய்வகத்துக்கு அரசே நேராகக் கட்டிவிட்டு, சரக்கு விற்ற பிறகு உரியதைப் பிடித்துக்கொண்டால் என்ன? இதை நான் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

அவர் காத்திருக்கவில்லை. பக்கத்து விளைக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். இந்தத் தேன் காலத்தில் ஐந்து பேரும் ஆளுக்குப் பத்துப் பெட்டியைத் தனியாக ஒதுக்கி, அடை முழுக்க மூடும்வரை கைவைப்பதில்லை என்று பேசிவைத்தார்கள். தேன் அளவு குறையும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். மார்ச் கடைசியில் அவர் திண்ணையில் வைத்து அந்தக் குழலில் மறுபடி ஒரு சொட்டு விட்டோம். கோடு 20-ஐவிட ஒரு மயிரிழை குறைவாக நின்றது. நான் ஒரு தடவை பார்த்தேன், அவர் மூன்று தடவை பார்த்தார்.

மாதிரிப் புட்டிகளைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஐந்து பேர் பங்குபோட்ட காசோடு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பணம் கட்டிய ரசீது வந்த அன்று அண்ணன் அதை வீட்டுவரி ரசீதுகள் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார். பிறகு எதையோ யோசித்து வெளியே எடுத்தார்.

"மக்கா, இதுல ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. மை மாஞ்சு போனா பிறவு அவன் காசு தரமாட்டான்."